வண்டி நிற்காத இடங்கள்

"மகாபலேஸ்வர்" என்று சொல்லி, என் மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் விரலை ஊன்றினார் சிங்கராயர்.

"வேண்டாம்" என்றார் அவர் மனைவி ஜோஸ்பின்.

செம்பூரில் டென்ட் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. டென்டோடு சேர்த்து, அதை எங்கே அடிப்பது என்பதையும் விற்பேன். ஏரிக்கரை, மலைமுகடு, சூரியோதயம், எல்லாவற்றுக்கும் படம் போட்ட ஆல்பம் உண்டு. மளிகைக் கடைக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். படியேறும்போதே யார் சும்மா பேசுகிறவர், யார் வாங்குகிறவர் என்று தெரிந்துவிடும்.

வாங்குகிறவர் சிங்கராயர் என்று தீர்மானித்து, ஆல்பத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மழை விட்டதும் தாராவியிலிருந்து கிளம்பி கன்னியாகுமரி வரை. பத்து நாள், வழிநெடுக டென்ட். யோசனை ஜோஸ்பினுடையது. வண்டி சுஜாவுடையது. அவர்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் கொண்டுபோய் விடுகிற பெண் அவள். வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்து விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

தங்கும் இடங்களைத் தானே சொல்ல வேண்டும் என்பது சிங்கராயரின் நிபந்தனை. ஒத்துக்கொள்ளாவிட்டால் பயணமே கிடையாது.

"ஹம்பி?"

"வேண்டாம்."

"ஊட்டி?"

ஜோஸ்பின் என் ஆல்பத்தை மூடிவைத்தார். "கர்ஜத் தாண்டி மலையேறும்போது குகை குகையா வரும்லா தம்பி? மூணாவது குகை முடிஞ்ச ஒடனே வலதுபக்கம் ஒரு அருவி. அதுக்குப் பக்கத்துல எடம் கெடைக்குமா?"

எனக்கு அருவி தெரியும். குகைக் கணக்கு தெரியாது.

முதல் நாள் அது. இரண்டாம் நாளைச் சொல்லாமல் மூன்றாம் நாளுக்குத் தாவினார். டீக்காரர் இரண்டாவது தடவை வரும்போது ஒரு நீளமான பாலம். கீழே ஆற்றுக்குள் எருமைகள் இறங்கிக் கிடப்பதுபோலப் பாறைகள். அப்புறம், யாரோ ஒன்றின்மேல் ஒன்றாக எடுத்து வைத்த மாதிரி உருண்டைக் கல் மலை. வெயில் சாயும்போது சிவக்குமாம். கடைசியில், காற்றாலைகள் வரிசையாக நிற்கும் பொட்டல்.

ஒன்றுக்கும் அவருக்குப் பெயர் தெரியவில்லை. எல்லாம் முப்பது வருஷமாக ஊருக்குப் போகிற ரயிலின் ஜன்னலில் பார்த்து வைத்தவை. வண்டி நிற்காத இடங்கள்.

"அப்படியே ஊருக்கும் போவீங்கல்லா?" என்று கேட்டேன்.

"ஊருக்கு மட்டும் போகல. போனா சமைக்கணும்."

சிங்கராயர் சிரித்தார். "இவ கதை ஒங்களுக்குத் தெரியாது தம்பி. ஒரு தடவ சோலாப்பூர் தாண்டி ஓடுற வண்டில சங்கிலியப் புடிச்சு இழுத்துட்டா. எதுக்குன்னு கேளுங்க. சூரியகாந்தித் தோட்டத்த எறங்கிப் பாக்கணுமாம்! போலீஸ்காரன் வந்துட்டான். புத்தி சரியில்லாத பொம்பள, சாப்னு சொல்லி, அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துல்லா கூட்டிட்டு வந்தேன்."

நல்ல வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் ஒரு வியாபாரச் சிரிப்பு சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம், பக்கத்திலிருக்கும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக்கூட மனைவியைத் தனியாக விட்டதில்லை என்பதையும் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்.

ஜோஸ்பின் சிரிக்கவில்லை. என் பேனாவை எடுத்து, சோலாப்பூருக்குக் கீழே தாள் கிழிகிற அழுத்தத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"ரெண்டாம் நாள் இங்க."

"அங்க என்னட்டி இருக்கு? கக்கூஸ் உண்டா? பாம்பு கெடக்கும். எனக்கு இடுப்பு தரையில படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. காலிபீலி, சும்மா வயக்காட்டுல போய்ப் படுக்கவா இவ்வளவு தூரம்?"

ஜோஸ்பின் கக்கூஸுக்குத் தலையாட்டினார். பாம்புக்கும் இடுப்புக்கும் ஆட்டினார். வட்டத்தை மட்டும் அழிக்கவில்லை.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடைக்கு வந்து பேரம் பேசாமல் தலையாட்டுகிறவர் ஒன்று வாங்க வந்தவரே இல்லை. இல்லாவிட்டால், வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர்.

"ரெண்டு பேர் படுக்கிற டென்ட்தானே?" என்று படிவத்தை சிங்கராயர் பக்கம் நகர்த்தினேன்.

"ஆமா. சுஜா வேனுக்குள்ளயே படுத்துக்கிடும்."

ஜோஸ்பின் கையை நீட்டிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படிவம் ஆங்கிலத்தில். அவர் நிதானமாகத் தமிழில் நிரப்பினார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிப்பது எங்கள் கடைத்தெருவில் எல்லோருக்கும் வரும்.

டென்டில் தங்குபவர்கள்: ஜோஸ்பின், சுஜா.

ஆபத்தென்றால் வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும்: சிங்கராயர்.

வாசலில் சாவி சுழல்வது நின்றது.

படிவத்தில் எட்டிப் பார்த்த சிங்கராயரின் முகம் மாறியது. "ஏட்டி... நானு?"

ஜோஸ்பின் நிமிரவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பயணம் செய்பவருக்கு ஏதாவது நோய் உண்டா?

புத்தி சரியில்லை, என்று எழுதினார்.

பிறகு பேனாவைக் கணவர் கையில் திணித்து, வீட்டார் கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினார்.

"அன்னைக்குப் போட்டீங்கள்லா, அதே கையெழுத்துதான். போடுங்க."