கூடுதா, கொறையுதா

“கூடுதா, கொறையுதா?” கொல்லையிலிருந்து கத்தினான் அமிர்தலிங்கம்.

கையில் நீண்ட மூங்கில். அதன் நுனியில் குறுக்கே கட்டிய செம்புக் கம்பிகள். உச்சி வெயிலில் அதை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

புஷ்பவல்லி பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். பக்கத்தில், ராணுவ ஏலத்தில் அவன் எடுத்து வந்த ரேடியோப் பெட்டி.

அம்மையில் அவளுக்குக் கண் போய் ஆறு வருஷம். கண் தெரியாதவளிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். அத்தை மகன் அமிர்தலிங்கமும் அப்படியா என்று எரிச்சலாக வந்தது.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவன், நேரே திருமானூருக்கு வந்து அவளைப் பெண் கேட்டான். இரக்கப்பட்டுக் கேட்கிறானோ? அது மட்டும் அவளுக்கு ஆகாது. மாலை பஸ்ஸுக்கு அவன் கிளம்புவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பா பஞ்சநாதனும் ஹெட்போனை வைத்துப் பார்த்தார். “பாட்டு வரும்னு பாத்தா, வடை வேவுற சத்தமில்ல வருது மாப்ள” என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவளுக்கு அது வடை இல்லை. கண் இருந்த நாளில் படித்த தூரதேசத்துக் கதைகளில் பனி பெய்துகொண்டே இருக்கும். பனிக்குச் சத்தம் உண்டென்றால் இதுதான். ஓரிடத்திலிருந்து விழாமல், பரந்து, மெத்தென்று.

“கூடுது. இன்னும் கொஞ்சம் தெக்கால. அங்கதான், நிறுத்துங்க.”

மூன்றாம் தடவை சொன்ன பிறகே மூங்கில் நின்றது. அதை முருங்கை மரத்தோடு கட்டிவிட்டு வந்தான்.

“அங்க என்ன அத்தான் இருக்கு?”

“ஒண்ணுமில்ல. வானத்துல அந்த எடத்தை எங்க ஆபீசர் ஒரு ராத்திரி தூரக்கண்ணாடியில பாத்தாரு. ஒரு நட்சத்திரம்கூடக் கெடையாது. வெறும் இருட்டு. சத்தம் மட்டும் வருது.”

அவள் சிரித்துவிட்டாள். கண் உள்ளவர்களுக்கும் அங்கே இருட்டுதான்.

ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். “நீங்களும் கேளுங்க.”

அவன் வாங்கவில்லை.

“எனக்குக் கேக்காது வல்லி. மூணு வருஷம் பீரங்கி பக்கத்துலயே ரேடார் பாத்தேன். காது மந்தமாப் போச்சு. இந்தச் சத்தம் ரேடார் திரையில புல்லு மாதிரி ஆடும். பாத்ததோட சரி. யாரு கேட்டுச் சொல்லுவான்னு நெனச்சேன், ஒன் ஞாபகந்தான் வந்துச்சு.”

அவள் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்து, ஒரு பெண் எப்படிச் சொல்வாளோ அப்படி, வாய்க்குள்ளேயே சொன்னாள்.

“என்ன சொன்ன?”

மறுபடி சொன்னாள். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

“கேக்கல வல்லி.”

எழுந்து நின்றாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

“கட்டிக்கிறேன்னு சொன்னேன் அத்தான்.”

உள்ளே அப்பாவுக்குப் புரையேறியது. கொல்லைக்கு அந்தப்புறம் நடவு வயலில் குனிந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து, ஒரே குரலில் குலவையிட்டார்கள்.

அது அமிர்தலிங்கத்துக்கே கேட்டது.