சப்வூஃபருக்கு ஓர் இடம்

ஞானவேல் கடைக்குப் போய் ஆம்ப்ளிஃபையரை இரண்டு முறை மாற்றி வாங்கிவிட்டான். அப்படியும் தாளத்தின் அடி அதிர்வை மட்டும் தரும் புது சப்வூஃபர், டவர் ஸ்பீக்கர்களோடு சேராமல் தனியே உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் கனத்த பெட்டியைக் கூடம் முழுக்க இழுத்து இழுத்து வைத்துப் பார்த்ததில் அவனுக்கு இடுப்பு விட்டுப்போனது. நடக்கமுடியாத அப்பா, தெருவைப் பார்த்தபடி நாள் முழுதும் படுத்திருக்கும் ஜன்னலோரக் கட்டிலை நெருங்க நெருங்கத்தான் பாட்டும் தாளமும் ஒன்றாகக் கலந்தன.

“சே, இதுக்கு இந்த மூலைதான் வேணுமாம்,” என்று பெட்டியைக் காலால் தள்ளினான்.

அப்பா தெருவிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

“என்னை உள் ரூம்ல போட்டுடுப்பா. அங்க காத்து நல்லா வரும்.”

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. காதில் விழாதவன்போல ஞானவேல் சத்தத்தைக் கூட்டினான்.