மடிப்புக் கதவு

துணி அலமாரியின் மடிப்புக் கதவு பத்தொன்பது வருடமாகச் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கதவில் ஒரு குறையும் இல்லை, தமயந்தியின் கைதான் சரியில்லை என்பது அவள் கணவர் குமரகுருவின் தீர்ப்பு. அதை நிரூபிக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் எண்ணெய்க் குப்பியோடு அவரே அலமாரிக்குள் நுழைந்து, "உள்ளேயிருந்து பாத்தாதான் தெரியும், மூடு" என்றார். மூடினாள். சிக்கிக்கொண்டது.

"இழு." இழுத்தாள். "அப்படியில்ல, தூக்கி இழு." தூக்கி இழுத்தாள். "சொன்னதச் சொன்னபடி செய்யத் தெரியாதா உனக்கு?" சொன்னபடிதான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பலகைகளும் சேரும் நடு இடுக்கு வழியாக அவருடைய ஆள்காட்டி விரல் வெளியே வந்து, மேலே, கீழே என்று வழிகாட்டியது. சாப்பாட்டு மேசையில், கல்யாண வீடுகளில், நாலு பேர் முன்னால் அவளை நோக்கி நீண்ட அதே விரல். அடைபட்டிருந்தது அவர்தான், மூச்சு முட்டியது என்னவோ தமயந்திக்கு.

கொஞ்ச நேரத்தில் குரல் தணிந்தது. "தமயந்தி, தினமும் நீ எப்படித்தான் திறக்கிறே?"

பதில் தெரியாமல் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சுலபம். நடு இடுக்கில் முழங்காலால் ஓங்கி ஓர் இடி. பலகைகள் ஒரு கணம் இறுக மூடிக்கொண்டு, அப்புறம் தானாக விட்டுவிடும்.

தமயந்தி புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலை மடக்கினாள்.

"சொல்லேன்" என்றார் அவர். விரல் இடுக்கிலேயே இருந்தது.