வழக்கமான அறை

"இந்த வருஷம் கடல். இல்லைன்னா நான் வீட்டுலயே இருந்துக்கிறேன், நீ மட்டும் மலைக்குப் போ" என்றாள் ரோஸ்விட்டா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

எக்கார்ட் ஊறவைத்த வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார். சங்கடமான பேச்சு வந்தால் அவருக்கு நறுக்க ஏதாவது வேண்டும்.

ஹனோவரில் ஜனவரி பிறந்துவிட்டால் போதும், கோடை விடுமுறைக்கு எங்கே தங்குவது என்ற பேச்சு எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிடும். இவர்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சே எழாது. இருபத்து நான்கு வருடமாக டிரோல் மலையில் மோசரம்மாவின் விடுதிதான், மாடியில் வலது பக்க அறைதான். ஊர் திரும்பும் நாளிலேயே, "அடுத்த வருஷமும் இதே அறைதானே?" என்று அந்த அம்மா கேட்பார். "வேற எங்க போவோம்?" என்பார் எக்கார்ட். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆனால் போன இலையுதிர் காலத்தில் ரோஸ்விட்டாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மேடு ஏறாதீர்கள், முடிந்தால் கடல் தண்ணீரில் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இத்தாலியக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் படம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கட்டிலில் படுத்தபடியே கடலைப் பார்க்கலாம். ரோஸ்விட்டா பால் எடுக்கப் போனால்கூட அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவாள்.

"ரோசி, இது இருபத்தஞ்சாவது வருஷம். தங்க பேட்ஜ்!" என்று இழுத்தார் எக்கார்ட்.

விடாமல் ஒரே விடுதிக்கு வருகிறவர்களுக்கு அந்த ஊர்த் தலைவர் தன் கையால் பேட்ஜ் குத்துவார். பேண்டு வாத்தியம் முழங்கும். எக்கார்டுக்கு வெண்கலமும் வெள்ளியும் ஏற்கெனவே கிடைத்திருந்தன.

"தங்கமாம் தங்கம்! வெறும் முலாம். உன் வெள்ளி பேட்ஜ் எங்க இருக்கு தெரியுமா? சாக்ஸ் வைக்கிற டிராயர்ல."

"பேட்ஜை விடு. அந்த அம்மாவை நினைச்சுப் பாரு. நாலஞ்சு வருஷமா அங்க நம்மளைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது. நாமளும் கைவிட்டா தாங்குவாங்களா?"

ரோஸ்விட்டாவின் குரல் தணிந்தது. "அதை நினைச்சாத்தான் எனக்கும் பாவமா இருக்கு. போன தடவை நாம காரை விட்டு இறங்கலை, அதுக்குள்ள ஈரல் உருண்டை சூப்போட வாசல்ல நின்னாங்க."

"சாப்பிடுற நேரத்துல அந்த சூப்பை ஞாபகப்படுத்தாதே."

முதல் வருடம் எக்கார்ட் மரியாதைக்காக "பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக வருடா வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறார்.

"சரி, போனை எடு. மனசு நோகாம பக்குவமா சொல்லு. இந்த ஒரு வருஷம் மட்டும்தான்னு சொல்லு. நான் கடலைப் பார்க்கணும் எக்கார்ட்."

எக்கார்ட் எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"அட, எக்கார்டா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றது மோசரம்மாவின் குரல். "கோடைக்கு வர்றதைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்..."

"சொல்லுங்கம்மா."

"இல்லையில்லை, நீங்க முதல்ல சொல்லுங்க."

எக்கார்ட் மனைவியைப் பார்த்தார். அவள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

"அது வந்து... ரோசிக்கு முட்டியில ஆபரேஷன் ஆச்சு. அதனால இந்த வருஷம் நாங்க..."

"வ... வரலையா?" என்று மறுமுனையில் குரல் நடுங்கியது.

எக்கார்ட் அவசரமாகப் போன் பக்கம் குனிந்தார்.

"சேச்சே! வராம இருப்போமா? மெதுவா ஏறி வருவோம்னு சொல்ல வந்தேன். அதே அறைதான்!"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப... ரொம்ப சந்தோஷம்."

"நீங்க ஏதோ சொல்லணும்னீங்களே?"

"அதுவா... ஒண்ணுமில்லை. பேட்ஜுக்கு ஊர்த் தலைவர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. மனைவி எரிந்து விழுவாள் என்று எக்கார்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ரோஸ்விட்டாவின் கண்களும் கலங்கியிருந்தன.

"அழுதுட்டாங்க இல்ல?"

"ஆமா."

அவள் நொண்டி நொண்டி எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்த படத்தை எடுத்து டிராயருக்குள் வைத்தாள். "பாவம், நம்மளை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா? கடல் எங்கேயும் ஓடிப் போயிடாது."

டிரோல் மலையில் மோசரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே, கடற்கரைக்கென்று வாங்கிய புதுத் தொப்பியைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்த தங்கை ஒட்டிலி ஆவலாகத் திரும்பினாள்.

"சொல்லிட்டியாக்கா? விடுதியை மூடி அஞ்சு வருஷம் ஆச்சு, இனிமே வர வேண்டாம்னு?"

"எப்படிடி சொல்றது? முட்டியை அறுத்துக்கிட்டும் ஏறி வர்றேங்கிறாங்க. நம்மளை விட்டா பாவம், அவங்க எங்க போவாங்க?" என்று பெருமூச்சு விட்டார் மோசரம்மா. "தொப்பியை உள்ளே வை, இந்த வருஷமும் நமக்குக் கடல் இல்லை. மறுபடியும் அந்த நாத்தம் பிடிச்ச ஈரல் உருண்டையை உருட்டணும். எக்கார்டுக்கு அதுன்னா உயிராச்சே!"