தேய்க்கத் தேய்க்க ஆர்டிஸ்

வெண்டல் தன் படகின் நீல வயிற்றுக்கு மெழுகு தேய்க்கிறான். அமெரிக்காவின் மெயின் மாநிலத்துச் சூரியனில் பாதியை அதற்குள் இறக்கியாகிவிட்டது. கடற்காகங்கள் வரிசையில் நின்று முகம் பார்த்து இறகு சீவுகின்றன. “மெதுவாடா, ஓட்டை விழுந்து அந்தப் பக்கம் கனடா தெரியப்போகுது” என்கிறேன் பக்கத்துப் படகின் நிழலிலிருந்து. அவன் சிரிக்கவில்லை. பனிக்காலத்தில் செத்துப்போன மனைவி ஆர்டிஸின் பெயர் இந்தப் படகில் ஒட்டியிருந்தது. அதைப் படித்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாமல்தான் படகை விற்கிறான். காலையில் எழுத்துகளை உரித்தான். ஆனால் வருஷக்கணக்கான வெயிலில் மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, எழுத்துகளுக்கு அடியில் மட்டும் புது நீலம். தேய்க்கத் தேய்க்க ஆர்டிஸ் பளபளக்கிறாள். “போகமாட்டேங்கறாடா” என்கிறான். “உயிரோட இருந்தப்ப மட்டும் உன் பேச்சைக் கேட்டாளாக்கும்!” சரளையில் கார் வந்து நிற்கிறது. படகை வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்து, “பிரமாதம் சார். அந்தப் பேரு கெடக்கட்டும், நான் பெயின்ட் அடிச்சு மறைச்சுக்கறேன்” என்று சாவிக்குக் கை நீட்டுகிறார். வெண்டல் அந்தப் பெயரின்மேல் முதுகைச் சாய்த்து நிற்கிறான். காயாத மெழுகில் சட்டை ஒட்டிக்கொள்கிறது. நீட்டிய கை அப்படியே இருக்கிறது.