பாலத்தடி மடு

"டாக்டரம்மா, அந்தக் கொக்கு இன்னிக்கும் வந்தாச்சு. நமக்கு முன்னாடியே வந்து எங்க நிக்குதுன்னு பாருங்க!"

வெல்டர் அவள் காதருகே கிசுகிசுத்தார். பல் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே திரும்பினாள். பாலத்தின் அடியில், தண்ணீரை ஒட்டி, நெட்டையாய் ஒல்லியாய் அந்த மனிதர் நின்றிருந்தார். பார்வை மடுவிலேயே குத்திட்டிருந்தது.

ஞாயிறு காலையில் ஆற்றிலிருந்து குப்பை அள்ளும் தன்னார்வக் குழு அது. ஆரம்பித்தது டாக்டர்தான். "ஊர் வாயைக் கழுவினது பத்தாதுன்னு ஆத்தையும் கழுவக் கிளம்பிட்டா" என்று அவள் கணவன் கேலி செய்வான். அதற்கெல்லாம் அசையாதவளுக்கு இந்தக் கொக்கு விஷயத்தில்தான் சில வாரங்களாகத் தூக்கம் கெட்டிருந்தது.

கொக்கு என்பது குழுவினர் வைத்த பெயர். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவர். வருவார், பாட்டில்களையும் பாலிதீன் பைகளையும் ஒழுங்காகச் சாக்கில் போடுவார், யாரிடமும் பேசமாட்டார். ஆனால் வெல்டர் கயிற்றில் கட்டி வீசும் பாதாளக் கரண்டியில் ஏதாவது கனமாகச் சிக்கிவிட்டால் போதும். சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார். முகத்தில் ஈயாடாது. மேலே வந்தது கட்டில் சட்டமோ, பழைய ஃபிரிட்ஜ் கதவோ என்று தெரிந்ததும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிப் போய்விடுவார்.

ஒருநாள் டாக்டரே கேட்டுப் பார்த்தாள். "ஏதாவது தேடுறீங்களா சார்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றவர், அதற்குப் பிறகு அவள் இருக்கும் பக்கமே வரவில்லை.

"நான் சொல்றேன் கேளுங்க" என்றார் வெல்டர் இப்போது. "இந்த ஆளு எதையோ செஞ்சுட்டு இங்க கொண்டாந்து போட்டிருக்கான். நாம எடுத்துடப் போறோமேன்னு காவல் காக்கிறான்."

"சும்மா இருங்கண்ணே. நீங்களா கதை கட்டாதீங்க."

அதட்டிவிட்டாளே தவிர, அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆற்றின் மற்ற பகுதிகளையெல்லாம் துழாவி முடித்தாயிற்று. மீதி இருப்பது இந்த மடு ஒன்றுதான். அப்படி ஏதாவது இருந்தால், இன்றைக்கு வெளியே வந்தே தீரும். எதற்கும் இருக்கட்டும் என்று போலீஸ் ஸ்டேஷன் நம்பரைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கொக்கு தயங்கித் தயங்கி அருகே வந்தார். "ஏம்மா, இன்னியோட முடிஞ்சுதா?"

"ஆமா சார். இதான் கடைசி இடம்."

"வேற எங்கேயும் பாக்கி இல்லையே?"

"இல்லை. ஏன் கேக்கிறீங்க?"

அவர் மறுபடி போய்த் தன் இடத்தில் நின்றார்.

வெல்டர் கயிற்றைச் சுழற்றி வீசினார். முதலில் கிழிந்த பாய், பிறகு ஒரு லாரி டயர். அடுத்த வீச்சில் கயிறு விறைத்து நின்றது.

"ஏதோ பெருசு! எல்லாரும் பிடிங்க!"

"மெதுவா... மெதுவா இழுங்க!" கொக்கு கத்தினார். அவர் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பாசி தொங்க ஒரு கைப்பிடி மேலே வந்தது. பிறகு முன்சக்கரம். ஸ்கூட்டர்!

கொக்கு இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்திறங்கி வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லலே?" என்றார் வெல்டர்.

"சார், அதைத் தொடாதீங்க! மேல வாங்க!" டாக்டரின் விரல் கைப்பேசியில் போலீஸ் நம்பர்மேல் போய் நின்றது.

அவர் காதில் எதுவும் விழவில்லை. சட்டை நுனியால் நம்பர் பலகையைத் துடைத்தார். சேறு போகவில்லை. நகத்தால் சுரண்டினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தெரியத் தெரிய அவர் தோள்கள் தளர்ந்தன. வண்டியின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினார்.

டாக்டர் செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். "உண்மையைச் சொல்லுங்க சார். யாரோட வண்டி இது?"

"தெரியலைம்மா. எங்க வண்டி இல்லை."

"எங்க வண்டின்னா?"

"என் பையனோடது. வேலை போச்சுன்னு எங்ககிட்ட சொல்லவே இல்லை. ஒருநாள் காலையில ஆபீஸ் போறேன்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனவன்தான்... இந்தப் பாலத்து மேல நின்னுக்கிட்டிருந்ததைக் கடைசியா யாரோ பார்த்திருக்காங்க."

டாக்டர் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"இன்னும் நல்லாத் துழாவிப் பார்க்கச் சொல்லும்மா. ஒரு மூலை விடாம" என்றார் அவர், கையெடுத்துக் கும்பிட்டு.

வெல்டர் மறுபடி கரண்டியை எடுத்தார். மடுவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீசினார். தானே இறங்கி முங்கியும் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்தது. வந்ததெல்லாம் வெறும் சேறு.

"அவ்வளவுதான் சார். இனி ஒண்ணுமில்லை" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் அந்தத் தகப்பனின் தோளைத் தொட்டாள். "இத்தனை வாரம் வந்தும் கிடைக்கலையேன்னு மனசை விட்டுடாதீங்க சார்."

"கிடைக்கலையேன்னா?" ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார் அவர். "எங்கே கிடைச்சுடுமோன்னுதாம்மா வாராவாரம் பதறிக்கிட்டு வந்தேன்... ஹலோ, நான்தான் பேசறேன். அழாதே, சொல்றதைக் கேளு. ஆறு பூரா பார்த்தாச்சு, இங்க இல்லை. நம்ம புள்ளை எங்கேயோ உசிரோட இருக்கான்!"