நாலுமணித் தேத்தண்ணி

வெந்நீர் வைக்கும் கேத்தலின் மூக்கில் எறும்புகள் செத்து ஒட்டிக் கிடந்தன. அதன் வயரை விதுர்ஷா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். பிளக்கில் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. அவளுக்கு ஓங்காளித்தது.

"இதைக் குத்தவா காக்கா என்ட பெட்டியக் கழட்டினீங்க?"

"செவத்தில ஒரு பிளக்தானே இரிக்கு, மிஸ்," என்றார் எல்லாரும் காக்கா என்றழைக்கும் காவலாளி முகைதீன்பாவா. "நாலு மணிக்கு ஒரு தேத்தண்ணி. குடிச்சிட்டுத் திரும்பக் குத்திருவன்."

செங்கலடிக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருந்தது அந்தக் காவலறை. ஆற்றுக்குள் நட்ட நீர்மட்ட மானி காற்றில் அனுப்பும் தகவலை வாங்கி அலுவலகத்துக்குச் சேர்ப்பது அந்தப் பெட்டி. வெள்ளம் ஏறினால் கீழ்வட்டை வயல்பக்கச் சனத்துக்கு அதை நம்பித்தான் எச்சரிக்கை போகும்.

பெட்டிக்குள் ஓடும் நிரல் முழுவதும் விதுர்ஷா எழுதியது. இரண்டு மாதமாக நாலு மணியானால் இருபது நிமிடம் தகவல் நின்றுபோக, அவளுடைய நிரலில்தான் பிழை என்று அலுவலகமே சிரித்தது.

"உங்கட தேத்தண்ணியால என்ட பேர் நாறுது."

"கோவிக்காதீங்க மிஸ். பின்னேரமாகினா பெட்டி களைச்சிரும். பச்ச லைட் விட்டு விட்டுத்தான் மினுங்கும். கழட்டிக் குத்தினா டக்கெண்டு எழும்பும்."

"பெட்டிக்குக் களைப்போ? இனி இதில கை வெச்சா உங்களுக்கு இஞ்ச வேலை இல்ல."

அவர் கேத்தலை அலுமாரிக்கு மேல் ஏற்றினார். வெளியே வந்தவள் மூன்று தரம் கை கழுவினாள். அந்த ஆள் நின்ற காற்றே தன்மேல் பிசுபிசுப்பதாக இருந்தது.

அடுத்த நாள் மழை பிடித்தது. ஐந்து மணிக்குப் பெட்டி ஊமையானது. காவலறைக்குப் போகும் பாதையில் இடுப்பளவு தண்ணீர். அவள் அலுவலகத்திலிருந்து போன் எடுத்தாள்.

"திரும்பக் கழட்டினீங்களா?"

"அல்லாஹ் அறிய, தொடவே இல்ல மிஸ். ஆறு ஏறுது. லைட்டு மினுங்காமக் கிடக்கு."

திட்ட வாயெடுத்தவளின் கண், பெட்டி கடைசியாக அனுப்பிய வரியில் விழுந்தது. மானியிலிருந்து வரும் தகவல் பொதிகளை ஏந்த நினைவகத்தில் இருநூற்றைம்பத்தாறு இடங்கள். மீதி, பூச்சியம். பார்க்கவென்று அவளே வைத்த எண். ஒரு நாளும் பார்த்ததில்லை.

பழைய பதிவுகளைப் புரட்டினாள். எல்லா நாளும் அந்த எண் தேய்ந்து தேய்ந்து வந்து, நாலு மணிக்கு அவர் கழட்டிக் குத்தியதும் முழுதாக நிமிர்ந்திருந்தது.

நிரலைத் திறந்தாள். பழுதாக வந்த பொதியை எறியும் இடம். எறிந்திருந்தாள். அது இருந்த இடத்தை விடுவிக்கும் ஒரு வரியைத்தான் எழுதவில்லை. அலுவலக மேசையில் சோதித்தபோது ஒரு பொதியும் பழுதாக வரவில்லை. ஆற்றங்கரையில் ஒவ்வொரு பழுதும் ஓர் இடத்தை நிரப்பிக்கொண்டு, கழுவாத எச்சில் கிளாஸ் போல அடுக்கடுக்காய் நின்றிருக்கிறது.

அதே ஓங்காளம் மேலெழுந்தது. இந்தத் தரம் கை கழுவித் தீராது.

"மிஸ்? இரிக்கீங்களா?" போனுக்குள் மழை இரைந்தது. "நான் இப்ப என்ன செய்ய?"



"பெட்டியக் கழட்டிட்டு ஒரு நிமிசம் கேத்தலக் குத்துங்க, காக்கா. திரும்பக் குத்தினா டக்கெண்டு எழும்பும்."